காத்திருந்த லைனர்கள்

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் நான் திட்டமிடல் பொறுப்பில் இருந்த காலத்தில், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினின் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் பழுதுபார்த்துப் பூட்டும் வேலை) சொன்ன தேதிக்கு முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. காரணம் கேட்டால் எல்லோரும் ஃபிட்டர்களைக் கைகாட்டுவார்கள். நானும் கைகாட்டியவன்தான்.

வேலையில் நேரும் பிழைகளைப் புள்ளியியலால் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையின் பயிற்சிக்குப் போய்வந்த சூட்டில், ஓர் இன்ஜினைப் பிரித்த நாள் முதல் நோட்டும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றேன். எந்தப் பாகம் எந்த நேரத்தில் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதினேன். (1986-இல் மோட்டோரோலாவில் பிறந்த அந்த முறையின் புள்ளியியலுக்கு வேலையே வரவில்லை.) வாரக் கடைசியில் புரட்டிப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட வரிகளில் யார் பெயரும் இல்லை. பாகங்கள் தரையில் சும்மா கிடந்திருக்கின்றன.

அதிகம் கிடந்தவை லைனர்கள், அதாவது பிஸ்டன் உள்ளே ஏறி இறங்கும் உருளைகள். கழுவி, உள்விட்டத்தைப் பல உயரங்களில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மைக்ரோமீட்டரால் அளந்தால்தான் எது தேறும், எது தேறாது என்று தெரியும். பிஸ்டனின் மேல் ரிங் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். நாங்களோ கனமான சாமான் என்று லைனரைக் கழுவும் வரிசையில் கடைசியில் வைத்திருந்தோம். அதன் பிறகு ஆர்டர் போட்டால் ஸ்பேர் எப்போது வரும்? லைனரை வரிசையின் தலைக்குக் கொண்டுவந்தோம். ஆர்டர், பிரித்த மூன்றாம் நாளே போனது. செலவு ஒரு பைசா இல்லை.

இன்னொரு தலைவலி, சோதனை ஓட்டத்தில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் தகடு) கசிவது. போல்ட்டைக் குறித்த டார்க்குக்கு, அதாவது முறுக்குவிசைக்கு, முடுக்கியதும் ‘டக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்சைச் சரிபார்த்தோம், பழுதில்லை. ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கச் சொல்லும் டொயோட்டா வழியில் இறங்கினேன். மூன்றாவது ‘ஏன்’னிலேயே மூத்த ஃபிட்டர் இரண்டு போல்ட்டுகளை என் கையில் வைத்துவிட்டார்.

“சார், இது எண்ணெய் கண்ட மரை. இது கரி பிடித்துக் காய்ந்த மரை. இரண்டையும் ஒரே டார்க்கில் முடுக்கினால் ஒரே பிடி பிடிக்குமா?”

பிடிக்காது. முடுக்கும் பலத்தில் பெரும்பங்கை உராய்வே தின்றுவிடும். காய்ந்த மரையில் ரெஞ்ச் ‘டக்’ என்று சொன்னாலும் போல்ட் போதிய அளவு இழுபட்டிருக்காது. பெரிய இன்ஜின்களில் முறுக்காமல், ஹைட்ராலிக் ஜாக்கால் ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்டை) நேராக இழுத்து நட்டைப் பூட்டுவதால் இந்தத் தொல்லை இல்லை.

“முன்பே சொல்லியிருக்கலாமே அண்ணே” என்றேன். பதில் சொல்லாமல் பழைய வேலை அட்டைகளை எடுத்துவந்தார். குறிப்புக் கட்டத்தில் பென்சிலால், ‘மரை அழுக்கு. சுத்தம் செய்ய நேரம் தேவை.’ அதன் கீழே என் கையெழுத்து.

மறுநாள் ஹெட் ஸ்டாண்டில் கம்பி பிரஷும் எண்ணெய்க் குப்பியும் கட்டித் தொங்கவிட்டோம். மரை சுத்தம் செய்யவென்று வேலை அட்டையில் அரைமணி நேரம் எழுதிச் சேர்த்தேன்.