தசைச் சுருக்கம்: தளர்விலிருந்து தொடங்குங்கள்

நீட் தேர்வுக்கு விலங்கியல் படிக்கும் தம்பி தங்கைகள், தசை எப்படித் தளர்கிறது என்பதை முதலில் படியுங்கள். பாடநூல்கள் சுருக்கத்தை விரிவாகச் சொல்லிவிட்டுத் தளர்வைச் சில வரிகளில் முடித்துவிடுகின்றன. எனக்கு முழுப் பாடமும் விளங்கியது அந்தச் சில வரிகளில்தான்.

இறந்தவரின் உடல் சில மணி நேரத்தில் ஏன் விறைக்கிறது? உயிர் பிரிந்த பின், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. தசையில் தீர்ந்துபோகிறது. ஆக்டின் என்ற மெல்லிய புரத இழையை, மையோசின் என்ற தடித்த புரத இழையின் தலைகள் பற்றி இழுப்பதுதான் சுருக்கம். ஆக்டினைப் பற்றியிருக்கும் மையோசின் தலை விடுபட வேண்டுமானால், புதிய ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று வந்து அதனுடன் இணைய வேண்டும். அது வராததால் பிடி இறுகியபடியே நின்றுவிடுகிறது. ஏ.டி.பி. இழுப்பதற்கு மட்டுமே என்று நினைப்பவர்கள் சறுக்கும் இடம் இது. விடுபட்ட தலை அந்த ஏ.டி.பி.யைச் சிதைத்துத்தான் அடுத்த இழுப்புக்கான ஆற்றலைப் பெறுகிறது. சுருக்கத்தைத் தொடங்கிவைக்கும் கால்சியத்தை, அதன் சேமிப்பிடமான சார்க்கோபிளாச வலைக்குள் திரும்ப இறைக்கவும் ஏ.டி.பி. செலவாகிறது. ஓய்வுக்கும் உடல் விலை கொடுக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது.

இனி சுருக்கம் எளிது. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதித்தூது வெளிவருகிறது. தூண்டல் தசையிழைக்குள் பரவுகிறது. வலையிலிருந்து கால்சியம் வெளியேறி, ஆக்டின் இழைமேலுள்ள ட்ரோப்போனின் என்ற புரதத்துடன் சேர்கிறது. அதனால் ட்ரோப்போமையோசின் என்ற இன்னொரு புரதம் நகர்ந்து, ஆக்டினில் அது மறைத்திருந்த இடங்களை மையோசினுக்குத் திறந்துவிடுகிறது. கால்சியம் வலைக்குள் திரும்பியதும் அந்த இடங்கள் மீண்டும் மூடப்படுகின்றன.

பட்டைகளை மனப்பாடம் செய்யாதீர்கள், வரையுங்கள். தசையின் சுருங்கும் அலகுதான் சார்க்கோமியர்; தளர்ந்த சார்க்கோமியர் ஒன்று, அதன் கீழே சுருங்கியது ஒன்று. இரண்டிலும் மையோசின் இழையை ஒரே நீளத்தில் வரைந்தால், மையோசின் இழையின் முழு நீளமான 'ஏ' பட்டை ஏன் மாறுவதில்லை என்பது கண்ணுக்கே தெரியும். ஆக்டின் மட்டும் உள்ள 'ஐ' பட்டையும், மையோசின் மட்டும் உள்ள 'எச்' மண்டலமும் குறுகும். 1954-இல் 'நேச்சர்' இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக வெளியிட்ட கண்டுபிடிப்பு இதுவே: ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்க்கே ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹேன்சன் மறுபக்கம். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர்; பெயர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு நிலைகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். கால்சியம் இருக்கிறது, ஏ.டி.பி. இல்லை: தசை என்னவாகும்? ஏ.டி.பி. இருக்கிறது, கால்சியம் இல்லை: அப்போது? முதலாவதற்கு விறைப்பு, இரண்டாவதற்குத் தளர்வு என்று காரணத்தோடு எழுத வந்துவிட்டால், அடுத்த பாடத்துக்குப் போகலாம்.