செப்டம்பர் 8-க்கு அட்டை போதவில்லை

அமெரிக்கக் கிராமப்புறங்களில் வளர்ந்த கன்ட்ரி இசையின் பாடகர்கள், பாடலாசிரியர்கள் ஆகியோரின் பிறந்தநாட்களை அட்டைகளில் எழுதி, மாதவாரியாக ஒரு பெட்டியில் அடுக்கி, அந்தந்த நாளில் அவரவர் பாட்டை மட்டும் கேட்பது என்று ஜனவரியில் தொடங்கினேன். இதுவரை 64 அட்டைகள் ஆகியிருக்கின்றன. வேகம் குறைவுதான். ஓர் அட்டைக்குத் தேதி தேடப் போனால் மாலைப்பொழுது முழுவதும் போய்விடுகிறது.

அட்டைகளைக் காசு கொடுத்து வாங்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை நறுக்கிக்கொண்டேன். வழவழப்பான பத்திரிகையில் மை ஊறாது என்பது பத்து அட்டைகளின் எழுத்து விரலோடு ஒட்டிக்கொண்டு வந்த பிறகுதான் உறைத்தது. சொரசொரப்பான மஞ்சள் பத்திரிகைதான் எழுதத் தோதானது. பெட்டி, அரை கிலோ இனிப்பு வந்த பெட்டி. ஏலக்காய் வாசனை இன்னும் போகவில்லை.

முதல் சிக்கல் வில்லி நெல்சன். டெக்சாஸில் அபட் என்ற சிற்றூரில் 1933 ஏப்ரல் 29 அன்று, நள்ளிரவுக்குச் சற்று முன்பு பிறந்தவர். அரசுப் பதிவேட்டில் ஏறியதோ ஏப்ரல் 30. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதியையே பிறந்தநாளாகச் சுமக்கும் கூட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. அவருடைய 90-வது பிறந்தநாள் கச்சேரியை 2023-இல் இரண்டு நாளும் நடத்தினார்கள். நானும் அவருக்கு இரண்டு அட்டைகள் போட்டுவிட்டேன்.

லொரெட்டா லின் விஷயத்தில் அவசரப்பட்டேன். ஏப்ரல் 14, 1935 என்று பேனாவாலேயே எழுதிவிட்டேன். பல ஆண்டுகள் எல்லோரும் நம்பிய ஆண்டு அது. 13 வயதில் கல்யாணம் என்ற கதையும் அதோடு சேர்ந்தே ஓடியது. 2012-இல் கென்டக்கியின் பழைய பதிவுகள் வெளிவந்தபோது பிறந்த ஆண்டு 1932 என்றும், கல்யாணத்தின்போது வயது 15 என்றும் தெரிந்தது. பிளேடால் 5-ஐச் சுரண்டினேன். அட்டை ஓட்டையானதுதான் மிச்சம். ஆனால் அந்த ஓட்டை வழியாக வேறொன்று தெரிந்தது. லொரெட்டாவுக்குக் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் கைகொடுத்து வழிகாட்டியவர் பாடகி பேட்சி க்ளைன். அவரும் 1932, செப்டம்பர். அப்படியானால் வழிகாட்டியைவிட லொரெட்டாதான் ஐந்து மாதம் மூத்தவர்! அன்றிலிருந்து எல்லாவற்றையும் முதலில் பென்சிலில்தான் எழுதுகிறேன்.

மெர்ல் ஹாகர்ட் அட்டையில் ஒரே தேதியை இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. 1937 ஏப்ரல் 6 பிறப்பு, 2016 ஏப்ரல் 6 இறப்பு. எழுதிவிட்டு அன்று வேறு அட்டை எதையும் தொடவில்லை.

இப்போது செப்டம்பரில் நிற்கிறேன். 8-ஆம் தேதியிலிருந்து 17 வரை, பத்தே நாட்களில் ஏழு பேர். 12 ஜார்ஜ் ஜோன்ஸ், 13 பில் மன்றோ, 15 ராய் எகஃப், 17 ஹாங்க் வில்லியம்ஸ். மிச்சம் மூன்று பேரும் ஒரே நாளில், 8-ஆம் தேதியில் வந்து குவிகிறார்கள்.

மூத்தவர் ஜிம்மி ராட்ஜர்ஸ், 1897. ரயில்வேயில் பிரேக் போடும் வேலை பார்த்தவர். 1927 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊரில் முதல் இசைத்தட்டுக்குப் பாடினார். காசநோய் 35 வயதில் கொண்டுபோய்விட்டது. அட்டை எழுதும்போது அவரைத்தான் ஓடவிட்டேன். யோடல் வருமிடத்தில் குரல் அடித்தொண்டையிலிருந்து சட்டென முறிந்து மேலே தாவுகிறது. முறிகிற அந்த இடத்தை நான்கு முறை திருப்பிக் கேட்டேன். அடுத்தவர் பாடலாசிரியர் ஹார்லன் ஹோவர்ட், 1927. மூன்றாவது, மேலே சொன்ன பேட்சி க்ளைன். ஹோவர்டும் ஹாங்க் காக்ரனும் சேர்ந்து எழுதிய 'ஐ ஃபால் டு பீசஸ்' என்ற பாட்டுதான் 1961-இல் பேட்சியைக் கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசையில் முதன்முறையாக முதலிடத்தில் வைத்தது. எழுதியவருக்கும் பாடியவருக்கும் பிறந்தநாள் ஒன்றே என்பது இத்தனை வருடம் கேட்டும் எனக்குத் தெரியாது. பேட்சி 1963 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 30.

மூன்று பேரையும் ஒரே அட்டையில் நெருக்கி எழுதிப் பார்த்தேன், ஹோவர்டின் ஆண்டு விளிம்புக்கு வெளியே போனது. இன்னொரு மஞ்சள் துண்டைக் கீழே கீல்போல ஒட்டியிருக்கிறேன். பசை காயட்டும் என்று மேலே அகராதியை வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் மடித்துப் பார்க்க வேண்டும்.