மலைக்கிராமத்துக்கு டூட்டூவோடு ஒரு பயணம்

பாலே நடனத்தில் பெண்கள் உடுத்தும் குட்டைப் பாவாடையான டூட்டூவை நிமிர்த்தித் தொங்கவிடக் கூடாது. விட்டால் நெட் துணி அடுக்குகள் தங்கள் எடையாலேயே கீழே சரிந்து, இடுப்பைச் சுற்றித் தட்டையாக நிற்க வேண்டிய பாவாடை துவண்டுவிடும். அதனால்தான் பாலே குழுக்களின் உடை அறையில் டூட்டூக்கள் எல்லாம் தலைகீழாகத் தொங்கும். பயணம் என்றால் பெரிய வட்டப் பையில் கவிழ்த்துப் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும். பையின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மீட்டர். எங்கள் சின்னக் குழு ஒரு மலைக்கிராமத்தில் ஆடப்போகிறது என்று முடிவானதுமே, இதை வேனில் எங்கே வைப்பது என்ற கவலை எனக்கு வந்துவிட்டது.

"அங்கே மேடையே சின்னது, சாதாரணப் பாவாடை போதுமே" என்றார்கள் குழுவில் சிலர். எனக்கு மனசு ஒப்பவில்லை. பாலேயை முதன்முதலாகப் பார்க்கப்போகிறவர்கள் அதை முழுசாகப் பார்க்க வேண்டாமா? கடைசி இருக்கை முழுவதையும் பைக்குக் கொடுத்துவிட்டு, நாங்கள் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டோம்.

மழை பெய்து ஓய்ந்த சாலை. வளைவுக்கு வளைவு நான் திரும்பிப் பையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். வேன் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. உள்ளே போகும் பாதை முழுக்கக் கல்படிகள். பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஏறினோம். எங்கிருந்து வந்தார்களோ, பாதித் தூரத்திலேயே பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்துகொண்டார்கள். "அக்கா, உள்ளே என்ன இருக்கு?" என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி.

ஆட்டம் ஊர்ப் பொதுக்கூடத்தில். மரத்தரை கொஞ்சம் மேடுபள்ளம், கூரை தாழ்வு. குழுவில் மற்றவர்கள் தரைவிரிப்பை ஒட்டிக்கொண்டிருக்க, நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து பையைத் திறந்தேன். வெள்ளை டூட்டூ. பிள்ளைகள் ஒரு நொடி பேசவில்லை. அப்புறம் ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். தொடலாமா? ஏன் இவ்வளவு குட்டை? ஏன் கீழே விழாமல் நிற்கிறது?

குட்டையானதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதையே இருக்கிறது. 1832இல் பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' என்ற பாலேயை ஆடிய மரீ தாக்லியோனியின் வெள்ளைப் பாவாடை கெண்டைக்கால்வரை இருந்தது. விரல்நுனியில் நிற்கும் பாதத்தை அது காட்டியது. பிறகு ஆட்டத்தின் வேகமும் நுட்பமும் ஏற ஏற, முழங்காலும் தொடையும் செய்கிற வேலையைப் பார்வையாளர்கள் பார்க்க வேண்டியிருந்தது. பாவாடை மேலே மேலே ஏறியது. 1890களில் இத்தாலிய பாலே நடனக்காரி பியரினா லெஞானி ஒற்றைக்காலில் 32 முறை தொடர்ந்து சுழன்று ரஷ்யாவையே வியக்கவைத்தார். அந்தச் சுழற்சியைக் கணுக்கால்வரை மூடிக்கொண்டு காட்டினால் என்ன தெரியும்? இதையெல்லாம் என்னால் முடிந்த அளவுக்குச் சொன்னேன். ஒரு சிறுமி உடனே எழுந்து தன் பாவாடையை முழங்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த ஊரில் தையல் வேலை செய்யும் ஒரு பாட்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டூட்டூவின் மேல்பக்கத்தை, அதாவது மணியும் சரிகையும் இருக்கிற பக்கத்தை, அவர் ஒருமுறைகூடத் தடவவில்லை. நேராகக் கவிழ்த்துப்போட்டு உள்ளே பார்த்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. டூட்டூவின் அழகு முழுக்க உள்ளேதான் இருக்கிறது என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லாமலே தெரிந்துகொண்டவர் அவர்தான்.

உள்ளே பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள். காலை ஒட்டிய அடுக்கு மிகக் குட்டை, மேலே போகப்போக நீளம் கூடும். ஒவ்வொன்றையும் சுருக்கிச் சுருக்கி உள்ளாடையோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். நடு அடுக்கு ஒன்றுக்குள் மெல்லிய எஃகுக் கம்பி வளையம் ஓடும். அடுக்குகளை ஒன்றோடொன்று பிணைக்கும் தையல் மட்டும் தளர்வாக இருக்கும். பாட்டி அந்தத் தளர்ந்த நூலை விரலில் பிடித்து, "இதை ஏன் இழுத்துக் கட்டலை?" என்றார். இழுத்துக் கட்டினால் அடுக்குகள் ஒரே பலகையாக விறைத்துவிடும். தளர்வாக விட்டால்தான் நான் நின்ற பிறகும் பாவாடை ஒரு நொடி நடுங்கி அடங்கும். அந்த நடுக்கத்துக்காகவே எனக்கு டூட்டூ பிடிக்கும். "அப்போ சரி" என்று தலையாட்டினார்.

டூட்டூவோடு சேர்ந்த ரவிக்கையின் உட்புறத்தில் எனக்கு முன்னால் இதை உடுத்தி ஆடியவர்களின் பெயர்கள் சின்னத் துணிப்பட்டைகளில் இருந்தன. வெவ்வேறு உடம்புக்குப் பொருந்துவதற்காகக் கொக்கிகளும் பல வரிசை. துவைப்பீர்களா என்று கேட்டார். துவைக்க முடியாது, வியர்வை வாடை போக நீர் கலந்த வோட்கா தெளித்து உலரவிடுவோம் என்றதும் பாட்டிக்கு ஒரே ஆச்சரியம்.

நெட் துணியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு லேசா இருக்கே, நெருப்புப் பட்டால்?" என்றார். பாரிஸ் ஓபராவில் ஆடிய எம்மா லிவ்ரியைப் பற்றிச் சொன்னேன். மேடையில் எரிவாயு விளக்குகள் இருந்த காலம். தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய துணி அப்போதே கிடைத்தது. ஆனால் அது விறைப்பாகவும் மங்கலாகவும் இருக்கிறது என்று லிவ்ரி மறுத்துவிட்டார். 1862இல் ஓர் ஒத்திகையின்போது பாவாடை விளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது. பல மாதம் வேதனைப்பட்டு அடுத்த ஆண்டு இறந்துபோனார்; வயது 20தான். எரிந்த உடையின் மிச்சம் பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. துணி காற்றாக அசைய வேண்டும் என்ற அவருடைய ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. அதனாலேயே அந்தக் கதை என்னை இன்னும் உலுக்குகிறது.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசைக்காரர்கள் கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். நாங்கள் இரண்டு பேர் அருகருகே ஆடும் இடத்தில் டூட்டூக்கள் உரசி, கம்பி வளையம் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. இந்தத் தொல்லைக்காகத்தான் 1950இல் நியூயார்க் சிட்டி பாலே குழுவில் நடன அமைப்பாளர் பாலன்ஷீனுக்காக உடைக் கலைஞர் கரின்ஸ்கா கம்பியே இல்லாத, மெத்தென்ற குட்டை டூட்டூவை வடிவமைத்தார். அது அழகுதான், இருந்தாலும் நான் கம்பி டூட்டூவின் பக்கம்.

பெரிய அரங்குகளில் இசையில் அமுங்கிப்போகும் ஒரு சத்தம் அன்று எல்லோருக்கும் கேட்டது: சுழலும்போது நெட் துணி எழுப்பும் சரசரப்பு. இரண்டாவது நடனத்தில் நான் சுழன்று நின்றபோது இசையும் நின்றது. அந்தச் சரசரப்பு மட்டும் மிச்சமாகி, பிறகு அடங்கியது. பிள்ளைகள் கைதட்டிவிட்டு, மறுபடியும் அந்தச் சத்தம் வேண்டும் என்றார்கள். இசையே இல்லாமல் இன்னொரு முறை சுழன்று காட்டினேன்.

கிளம்பும் நேரத்தில் கூடத்தின் கதவிலிருந்த ஆணியில் மாட்டி மேல் அடுக்கு கிழிந்தது. பாட்டி வீட்டுக்குப் போய் வெள்ளை நூல் கொண்டுவந்து, பிணைப்புத் தையல் எப்படி இருந்ததோ அதே தளர்வில் தைத்துக் கொடுத்தார். ஊர் திரும்பியதும் எங்கள் உடைப் பொறுப்பாளரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். பிரித்துத் தைக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, கிழிந்த தேதியை மட்டும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.