169 புள்ளியும் ஒரு பருத்திப்பால் வண்டியும்

செமஸ்டர் முடிஞ்சு மார்க் எல்லாம் போட்டு அனுப்பியாச்சு. நேத்து லேப்ல உக்காந்து பசங்களோட ஃபைல் எல்லாத்தையும் ஹார்டு டிஸ்க்ல காப்பி பண்ணிட்டு இருந்தேன், சும்மா ஒண்ணு ரெண்டு திறந்து பாப்போம்னு ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம் போனதே தெரியல. வாட்ச்மேன் அண்ணன் வந்து லைட்ட அணைக்கவாம்மான்னு கேட்டதுக்கு அப்புறம் தான் எந்திரிச்சேன். இதுல சிலத பத்தி எழுதி வைக்கலன்னா மனசு ஆறாது, அதான் இந்த போஸ்ட்.

தெரியாதவங்களுக்கு, நான் மதுரைப் பக்கம் ஒரு காலேஜ்ல பர்ஸ்ட் இயர் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பசங்களுக்கு டிஜிட்டல் ஆர்ட் அண்ட் டிசைன் எடுக்கிறேன். 42 பேரு, ஓடுற சிஸ்டம் 20. ரெண்டு பேருக்கு ஒண்ணு, மிச்சம் ரெண்டு பேரு யார் பக்கத்துலயாவது ஸ்டூல் போட்டு உக்காரணும். போட்டோஷாப் லைசென்ஸ் வாங்குற நிலைமையில காலேஜ் இல்ல, அதனால இங்க்ஸ்கேப், கிம்ப், கிரிட்டான்னு படம் வரைய, போட்டோ திருத்த உதவுற மூணு சாஃப்ட்வேர்லயும் தான் வேலை. மூணும் ஃப்ரீ, பசங்க வீட்டுலயும் போட்டுக்கலாம். இன்னொன்னு சொல்லணும், இந்தப் பசங்க ஒண்ணுமே தெரியாம வரல. பாதிப் பேரு போன்ல பிக்சல்லேப்ங்குற ஆப்ப வச்சு பர்த்டே போஸ்டர், திருவிழா போஸ்டர், கண்ணீர் அஞ்சலி வரைக்கும் பண்ணிக் குடுத்து ஊர்ல பேர் வாங்கினவங்க. லேயர்னா என்னன்னு நான் சொல்லிக் குடுக்கவே வேண்டியதில்ல.

முந்தி எல்லாம் ஒரு காபி ஷாப்புக்கு லோகோ பண்ணுங்க, ஒரு ட்ராவல் கம்பெனிக்கு போஸ்டர் பண்ணுங்கன்னு தான் குடுத்துட்டு இருந்தேன். வர்றது எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், கப்பு, கப்புக்கு மேல ஆவி, கீழ ஒரு இங்கிலீஷ் பேரு. அந்தக் காபி ஷாப்புக்குள்ள அவங்க போனதே இல்லையே, பின்ன டெம்ப்ளேட்ட தேடாம என்ன செய்வாங்க. இந்த வருஷம் மூணு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரே கண்டிஷன் போட்டேன், வீட்டுல இருந்தோ தெருவுல இருந்தோ தான் எடுத்துட்டு வரணும், நெட்ல இருந்து எதுவும் கூடாது.

முதல் ப்ராஜெக்ட் கோலம். வெக்டார், அதாவது பிக்சலா இல்லாம புள்ளியும் வளைவுமா வரையிற முறைய சொல்லிக் குடுக்க அத விட நல்ல வழி எனக்குத் தெரியல. புள்ளி, கோடு, வளைவு, காப்பி, ரொட்டேட் எல்லாமே அதுலயே இருக்கு. ஒரு பொண்ணு அவங்க அம்மாவோட கோல நோட்டுல இருந்து ஒரு ஊடுபுள்ளிக் கோலம் (ஒரு வரிசையோட ரெண்டு புள்ளிக்கு நடுவுல அடுத்த வரிசைப் புள்ளி வரும்) எடுத்துட்டு வந்துச்சு, 15 புள்ளி, 8ல நிறுத்தணும். நடுவுல 15, மேலயும் கீழயும் 14, 13, 12ன்னு குறைஞ்சு 8ல முடியும், மொத்தம் 169 புள்ளி. வரிசைக்கு வரிசை 20 மில்லிமீட்டர், புள்ளிக்குப் புள்ளி 20 மில்லிமீட்டர்னு சுத்தமா அளந்து வச்சிருந்துச்சு. ஆறுல ஒரு பங்க மட்டும் வரைஞ்சு, அத 60 டிகிரி 60 டிகிரியா திருப்பி ஒட்டினா முழுக் கோலமும் வந்துடணும். வரல. கோடு புள்ளிய விட்டு விலகி விலகி நிக்குது. ஒரு கிளாஸ் முழுக்க அந்தப் பொண்ணு அதோட போராடுச்சு, நானும் பக்கத்துல உக்காந்து ரொட்டேஷன் சென்டர் தப்பா இருக்கோன்னு அதையே பாத்துட்டு இருந்தேன்.

மறுநாள் வந்து, மேம், அம்மா சொல்லிட்டாங்கன்னு நின்னுச்சு. ராத்திரி அவங்க அம்மா கிட்ட ப்ரிண்ட காட்டியிருக்கு, அவங்க பாத்த உடனே இது என்னடி நீட்டமா இழுத்துட்டு நிக்குதுன்னு கேட்டிருக்காங்க. தரையில மூணு புள்ளி வச்சுக் காட்டி, எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே இடைவெளி வரணும், மேல வைக்கிற புள்ளி கொஞ்சம் கிட்டக்க வந்து தான் உக்காரும்னு சொல்லியிருக்காங்க. அவ்வளவு தான் விஷயம். மூணு புள்ளியும் சமபக்க முக்கோணமா இருக்கணும்னா, புள்ளிக்குப் புள்ளி 20ன்னா வரிசைக்கு வரிசை 17.32 தான் வரும், ரூட் மூணு பை ரெண்டு, பத்தாவதுல படிச்ச கணக்கு. அத மாத்தினதும் ஆறு துண்டும் வந்து ஒண்ணோட ஒண்ணு பூட்டு மாதிரி சேந்துச்சு. அந்த ஸ்க்ரீன சுத்தி பத்து பதினஞ்சு பேரு நின்னு பாத்தாங்க. தினமும் வாசல்ல அளக்காமலே அந்த 17.32ஐ கண்ணால வைக்கிறாங்களே அவங்க அம்மா, அவங்களுக்கும் சேத்துத் தான் நான் அந்த மார்க்கப் போட்டேன்.

இதுல எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ரிவ்யூக்கு வெளியில இருந்து வந்தவர் ஒருத்தர் இதப் பாத்துட்டு, கோலம் தானே, இதுல டிசைன் எங்க இருக்குன்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு முகம் சுண்டிப் போச்சு. நான் அங்கயே சொன்னேன், இங்கயும் சொல்றேன். தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் 1974லயே கோலத்த வச்சு கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஜர்னல்ல ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்காங்க. ஒரு சின்ன வடிவத்துல இருந்து விதி மேல விதி போட்டு எப்படி பெரிய வடிவம் வளருதுன்னு காட்ட அவங்களுக்குக் கோலம் உதவியிருக்கு. வாசல்ல பொம்பளைங்க போடுறதுங்குற ஒரே காரணத்துக்காக அத டிசைன் கணக்குல சேக்காம விடுறது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஒரு பையன் ஏஐல ஜெனரேட் பண்ணி ஒரு கோலம் குடுத்தான், தூரத்துல இருந்து பாத்தா பிரமாதம். எத்தனை புள்ளி தம்பின்னு கேட்டேன். எண்ணி எண்ணிப் பாத்தான், ஒவ்வொரு பக்கமும் ஒரு எண்ணிக்கை வந்துச்சு, ரெண்டு இடத்துல கோடு கிளம்பி எங்கயும் போய்ச் சேரல. திட்டல, அவன் ஆச்சி கிட்ட ஒரு கோலம் கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னேன், 5 புள்ளியில சின்னதா ஒரு கம்பிக் கோலம் பண்ணினான், நல்லா வந்துச்சு.

ரெண்டாவது ப்ராஜெக்ட், சொந்த முகம். 32க்கு 32 கட்டம், மொத்தம் 1024 பிக்சல், 8 கலருக்கு மேல போகக் கூடாது. இவ்வளவு கம்மியா குடுத்தா தான் எது முக்கியம்னு யோசிப்பாங்க. மீசைக்கு நாலு பிக்சல், மூக்குத்திக்கு ஒரே ஒரு பிக்சல், ஆனா அந்த ஒண்ண எடுத்துட்டா ஆளே வேற ஆளு.

நான் எதிர்பாக்காதது தோல் நிறம். முதல் வாரம் வந்த 42 முகத்துல முக்கால்வாசி வெளுப்பா, ரோஸ் கலந்த ஒரு நிறத்துல இருந்துச்சு. எங்க கிளாஸ்ல அப்படி ஒரு நிறத்துல யாருமே இல்ல. யாரும் வேணும்னு பண்ணல, முகம்னு நினைச்ச உடனே கை அந்தக் கலருக்குப் போகுது. நான் ஒண்ணும் லெக்சர் எடுக்கல. வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போய் வெளிச்சத்துல நிக்க வச்சு, போன்ல பியூட்டி மோட ஆஃப் பண்ணச் சொல்லி, ஒருத்தர ஒருத்தர் போட்டோ எடுக்கச் சொன்னேன். (அந்த பியூட்டி மோடு ஆன்ல இருந்தா போனே ரெண்டு ஷேடு வெளுத்துக் குடுத்துடும், பாதிப் பேருக்கு அது ஆன்ல இருக்கதே தெரியாது.) அப்புறம் கிம்ப்ல கலர் பிக்கர எடுத்து நெத்தியில ஒரு கிளிக், கன்னத்துல ஒண்ணு, தாடைக்குக் கீழ ஒண்ணு.

ஒரு பையனுக்கு நெத்தியில ரெட் 124, க்ரீன் 82, ப்ளூ 56 வந்துச்சு. இத கலர் வீல்ல வச்சா எங்க விழும்னு பாருடான்னேன். ஆரஞ்சுல போய் நின்னுச்சு. ப்ரௌன்னு தனியா ஒரு நிறம் அந்தச் சக்கரத்துல கிடையாது, வெளிச்சம் குறைஞ்ச ஆரஞ்சத் தான் நாம ப்ரௌன்னு சொல்றோம். அவன் அந்த வேல்யூவ (வெளிச்ச அளவ) மட்டும் மெதுவா ஏத்தி ஏத்திப் பாத்தான், அவன் நெத்தி நிறம் அப்படியே பழுத்து ஆரஞ்சா மாறுச்சு, திரும்ப இறக்கினான். பக்கத்துல இருந்தவன் பேசவே இல்ல, அவனும் அவன் போட்டோவத் திறந்து அதையே பண்ணினான். ரெண்டாவது வாரம் வந்த முகம் எல்லாம் அவங்கவங்க முகம். 42ஐயும் ஒரே ஷீட்ல போட்டு ப்ரிண்ட் எடுத்து லேப் கதவுல ஒட்டியிருக்கேன், கருப்பட்டி, புளி, செம்மண், தேக்குன்னு எத்தனை ப்ரௌனு. கேன்டீன் அக்கா வந்து பாத்துட்டு ஒவ்வொருத்தரையும் அடையாளம் சொல்லுச்சு, 1024 கட்டத்துலயே ஆளு தெரியுது.

மூணாவது தான் பெருசு, தெருவுல இருக்க ஒரு கடைக்கு போர்டு. உண்மையான கடை, மாட்டுறதுக்கு. ஒரு பையனோட அப்பா சாயங்காலம் தள்ளுவண்டியில பருத்திப்பால் விக்கிறவரு. மதுரைக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், பருத்திக் கொட்டைய ஊற வச்சு ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கு, ஏலக்காய், தேங்காய் சேத்து சூடா ஊத்திக் குடுப்பாங்க. வண்டியில பழைய தகர போர்டு ஒண்ணு இருந்துச்சு, எப்பவோ ஒரு பெயிண்டர் கையால எழுதினது, துரு ஏறி பாதி எழுத்து போயிடுச்சு. அதுக்குப் பதிலா புதுசு.

முதல்ல அவன் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரோட லேப்டாப்ல பழைய போட்டோஷாப் வெர்ஷன்ல பண்ணிட்டு வந்தான். "சூடான பருத்திப்பால், சுக்கு ஏலக்காய் சேர்த்தது". சேர்த்ததுல ரெட்டைக் கொம்பு ச-வுக்குப் பின்னாடி போய் ர-வுக்கு முன்னாடி நிக்குது. சூ உடைஞ்சு ச தனியா, சுழி தனியா. தமிழ்ல டிசைன் பண்றவங்க எல்லாரும் இந்த அடி வாங்கியிருப்பாங்க. யூனிகோடுல (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கம்ப்யூட்டர் குறியீட்டு முறை) எழுத்த சேமிக்கிறப்ப முதல்ல ச, அதுக்கு அப்புறம் தான் கொம்பு. வரையிறப்ப கொம்ப முன்னாடி கொண்டு வந்து வைக்க வேண்டியது சாஃப்ட்வேரோட வேலை. அந்த மாதிரி பழைய போட்டோஷாப்ல ப்ரிஃபரென்ஸ்ல டைப்னு இருக்க இடத்துல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு மாத்தி, பாராகிராப் பேனல்ல வேர்ல்டு ரெடி லேஅவுட்ட எடுத்தா சரியாயிடும். இங்க்ஸ்கேப்ல இந்தத் தொல்லையே இல்ல, அடிச்ச உடனே சரியா உக்காரும்.

அது சரியாகி ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொண்டு போனா அங்க வேற கதை. அவங்க கோரல் ட்ராவுல பாமினி மாதிரி யூனிகோடு இல்லாத பழைய எழுத்துரு வச்சு டைப் பண்றவங்க, யூனிகோடு டெக்ஸ்ட் அங்க போனா புரியாத குறியா மாறிடும். ஃபைல் சரியா ஓப்பன் ஆகலன்னு அவங்களே திரும்ப டைப் பண்ணி, இவன் கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அடிச்சுக் குடுத்துட்டாங்க. பருத்திபால்னு இருந்துச்சு, ப் காணோம். 400 ரூபா போச்சு. அவங்க அப்பாவோட ஒரு சாயங்கால வருமானத்துல அது எவ்வளவு பெரிய பங்குன்னு அவன் சொன்னப்ப எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. ஒரு எழுத்து தானேன்னு அந்தக் கடையில சொன்னாங்களாம். ஒரு எழுத்துக்காகத் தானே நாங்க ஆறு வாரம் உக்காந்திருக்கோம்.

அதுக்கு அப்புறம் தான் அவன் ஒரு முடிவுக்கு வந்தான், எழுத்துருவே வேண்டாம், எழுத்த வரைஞ்சுடுவோம்னு. முக்தா மலர், மீரா இனிமை, ஹிந்த் மதுரைன்னு ஃப்ரீயா கிடைக்கிற நல்ல தமிழ் எழுத்துரு எல்லாத்தையும் போட்டுப் பாத்திருந்தான், எதுலயும் வண்டி மாதிரி இல்ல மேம்னு சொன்னான். அந்தப் பழைய தகர போர்ட நேரா நின்னு போட்டோ எடுத்து, அத கீழ வச்சு பென் டூல்ல எழுத்து எழுத்தா எடுத்தான். அந்தப் பெயிண்டரோட ரு இருக்கே, கீழ இறங்குற வால் ப்ரஷ்ஷ அழுத்தி எடுத்ததுல ஆரம்பத்துல தடிச்சு, வளைஞ்சு மேல ஏறி முடியுற இடத்துல மயிரிழையா ஆயிடும். அந்த ஒரு வாலுக்கு மட்டும் அவன் முதல்ல 19 நோடு (வளைவப் பிடிச்சு நிறுத்துற புள்ளி) வச்சிருந்தான், கரடு முரடா இருந்துச்சு, குறைச்சு குறைச்சு 6 நோடுல கொண்டு வந்தப்ப ப்ரஷ் ஓடுன வேகம் திரும்ப வந்துடுச்சு. துருவுல போன ல், த்தி ரெண்டையும் மிச்ச எழுத்தோட தடிமனப் பாத்து அவனே வரைஞ்சான்.

எழுத்து வரையிறதெல்லாம் ஒரு வேலையா மேம்னு இன்னொரு பையன் அப்ப கேட்டான். நம்ம ரூபா குறியீட்ட வரைஞ்ச உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், 2010 ஜூலை 15ல அது அரசாங்கத்தோட குறியீடா ஆச்சு, அதுக்கு முன்னாடி அவர் தமிழ் எழுத்து வடிவத்துல தான் வேலை பாத்துட்டு இருந்தாருன்னு சொன்னேன். பையில இருந்து ஒரு பத்து ரூபாய எடுத்து ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாங்க.

எழுத்து எல்லாம் டெக்ஸ்ட்டா இல்லாம வரைஞ்ச வடிவமா மாறினதால இந்தத் தடவை ஃப்ளெக்ஸ் கடையில யாரும் டைப் பண்ண முடியாது, பிடிஎஃப்ப அப்படியே அடிக்கத் தான் முடியும். ஸ்க்ரீன்ல எரிஞ்ச ஆரஞ்சு ப்ரிண்ட்ல மங்கும்னு முதல்லயே பேசியிருந்தோம், அதனால வெளிர் மஞ்சள் மேல கருப்பட்டி நிறம். தெரு விளக்குல எப்படித் தெரியும்னு பாக்க ஏ4ல எழுத்த அதே சைஸ்ல ப்ரிண்ட் எடுத்து வண்டியில டேப் போட்டு ஒட்டி, ராத்திரி ஏழரைக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு போட்டோ எடுத்து அனுப்பினான். சுக்கு ஏலக்காய் வரி தெரியல, அத கொஞ்சம் பெருசாக்கினான்.

அவங்க அப்பா ஃபைனல் டிசைன போன்ல ரொம்ப நேரம் பாத்துட்டு, நல்லாருக்குப்பா, ஆனா விலைய இதுல அடிக்காத, வெல்லம் விலை ஏறுனா நான் என்ன பண்றதுன்னு கேட்டாராம். எங்க யாருக்கும் அது தோணல. அதனால வலது ஓரத்துல ஒரு சின்னக் கட்டம் காலியா விட்டு, அந்த இடத்துல சிலேட்டு பெயிண்ட் அடிச்ச ஒரு பலகைய மாட்டியிருக்கான். போன வெள்ளிக்கிழமை போய்க் குடிச்சேன், அதுல சாக்பீஸ்ல விலைய எழுதினது அவங்க அப்பா, அவரோட ரு-வும் கிட்டத்தட்ட அதே மாதிரி வால் நீட்டித் தான் இருந்துச்சு.