பேட்டரியா, மேல்கம்பியா?

மேல்கம்பி மின்சாரம் இல்லாமல் ரயிலைப் பேட்டரியிலேயே ஓட்டினால் என்ன? சென்னை–மதுரை விரைவு ரயிலுக்குச் சராசரி 1.5 மெகாவாட், 8 மணி நேரம் என்று குறைவாகவே வைப்போம்: 12 மெகாவாட்-மணி. கிலோவுக்கு 150 வாட்-மணி தரும் பேட்டரியில் 80 டன். முழுக்கக் காலி செய்யக்கூடாது என்பதால் 100 டன். ரயிலை இழுக்கும் டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜினே 123 டன்தான்! 25 கிலோவோல்ட் கம்பி உள்ள தடத்தில் இந்தப் பேச்சே வேண்டாம்.

கம்பி விட்டுவிட்டு இருக்கும் கிளைப் பாதை வேறு கதை. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் 2023 முதல் ஓடும் பேட்டரி ரயில்கள் கம்பிக்குக் கீழே ஓடும்போதே சார்ஜ் ஏற்றிக்கொள்கின்றன. நின்றபடி ஏற்றும்போதுதான் கவனம் தேவை: பாண்டோகிராப் (கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கை) ஒரே இடத்தைத் தொட்டு நிற்பதால் அங்கே சூடேறிக் கம்பி இளகும். அதனால் மின்னோட்டத்துக்கு வரம்பு.

மேல்கம்பி மின்சாரத்தில் ஓடும் பேருந்தான டிராலிபஸ்ஸுக்கு, மின்னோட்டம் திரும்பிச் செல்லத் தண்டவாளம் இல்லை, ஆகவே இரண்டு கம்பி. சாலைச் சந்திப்புகளில்தான் கம்பியைத் தொடும் கோல் அடிக்கடி நழுவும். அந்தத் தூரத்தைப் பேட்டரியில் கடந்தால் அங்கே சிக்கலான கம்பிவலையே தேவைப்படாது.