லாரியின் முன்சக்கரத்தில் ஒரு ரீங்காரம்: நாட்குறிப்பு

ஜூன் 4

மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் லாரியின் முன்பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரம் எழுகிறது. 70-ஐத் தொட்டால் அது உறுமலாகத் தடிக்கிறது. ஆளில்லாத நேர்ச்சாலையில் கிளட்சை மிதித்துப் பார்த்தேன். எஞ்சினின் சுழற்சி இறங்கியது, ஓசை இறங்கவில்லை. அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்தபோதும் சுருதி மாறவில்லை. ஆகவே எஞ்சின், விசிறி, ஆல்டர்னேட்டர் மீது சந்தேகமில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் ஒரே ஓசைதான். பின் அச்சின் கிரவுன் பல்சக்கரம் பழுதாகியிருந்தால் அங்கே வேறுபாடு கேட்டிருக்கும்.

விவரம் கேட்ட மெக்கானிக் தொலைபேசியிலேயே, "இரண்டு பக்கமும் பேரிங்கை மாற்றிவிடுங்கள்" என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. எது கெட்டது என்று தெரியாமல் கழற்றினால், அது ஏன் கெட்டது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

ஜூன் 5

டயரா, பேரிங்கா என்பதுதான் கேள்வி. டயரின் ஓசை சாலைக்குச் சாலை மாறும். பேரிங்கின் ஓசை தரையைப் பொருட்படுத்தாது. இன்று சொரசொரப்பான சாலையிலிருந்து புதுத் தார்ச்சாலைக்கு ஏறியதும் இரைச்சலில் ஒரு பங்கு மறைந்தது. அடியில் ஒரு மெல்லிய முனகல் மட்டும் அப்படியே தொடர்ந்தது. இரண்டு ஓசைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன!

நிறுத்தி டயர்களைத் தடவினேன். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப் பல். டோ அளவு, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, பிசகியிருப்பதற்கு இதுவே போதுமான அடையாளம். ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தால் திட்டுத் திட்டாகக் குழி விழுந்திருக்கும், அது இல்லை.

ஜூன் 6

சீராகத் தேய்ந்த வேறு இரண்டு டயர்களை முன்னால் மாட்டி ஓட்டினேன். இரைச்சல் போய்விட்டது, முனகல் மட்டும் அப்படியே இருந்தது. இனி வளைவுகள் பதில் சொல்ல வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச்சக்கரத்தின் மேல் சாயும். நீண்ட இடவளைவில் முனகல் ஓங்கியது, வலவளைவில் தணிந்தது. கேபினுக்குள் உட்கார்ந்து கேட்டால் இடப்பக்கம் என்றே சத்தியம் செய்யலாம். தகரமும் சட்டமும் ஓசையை எங்கெங்கோ கடத்துகின்றன. காதைவிட வளைவை நம்புகிறேன். சுமை ஏற்றிய வண்டியை இதற்காக வெடுக்கென்று ஒடிக்கவே கூடாது. வளைவு தானாக வரும்வரை காத்திருக்கலாம்.

ஜூன் 7

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கினேன். வலச்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் சிறு ஆட்டம். இதை வைத்து உடனே பேரிங் என்று சொல்லிவிட முடியாது. முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக இருக்கும் கிங் பின் தேய்ந்தாலும் இப்படி ஆடும். உதவிக்கு வந்த தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்தேன். ஆட்டம் நின்றுவிட்டது. கிங் பின்னாக இருந்தால் பிரேக் பிடித்த பிறகும் ஆடியிருக்கும்.

சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஸ்டியரிங் நக்கிளிலும் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) பிடியைக் காதிலும் வைத்தேன். மணலை அரைப்பது போன்ற கரகரப்பு. இடப்பக்கம் சுத்தமாக ஓடியது.

ஜூன் 8

வல ஹப்பை, அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுக்குடத்தை, திறந்தாயிற்று. கிரீஸ் பால்நிறத்தில் கலங்கியிருந்தது: தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயில் சீலின் உதடு கிழிந்திருந்தது. உள்பேரிங்கின் கப்பில் (ரோலர்கள் ஓடும் வெளிவளையம்) உலோகம் செதிள் செதிளாகப் பெயர்ந்திருக்கிறது. நீலம் பாய்ந்த தடம் எங்கும் இல்லை. சூட்டில் கெட்டதல்ல, தண்ணீரில் கெட்டது. சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் இதே கதைதான் திரும்பும்.

கப்பையும் ரோலரையும் சேர்த்தே மாற்றினேன். பழைய கப்பில் புது ரோலரை ஓடவிடுவது அந்தப் புது ரோலரைக் கொல்வதற்குச் சமம். ரோலர்களின் இடுக்கெல்லாம் கிரீஸ் நிறைய அழுத்தி, ஹப்பைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, டயல் கேஜில் அளந்தேன். கனரக லாரிகளின் முன் ஹப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆட்டம் 0.025 முதல் 0.125 மி.மீ. வரை. அதற்குள் நிற்கிறது.

ஜூன் 9

70-இல் அமைதி. இறங்கி இரண்டு ஹப்புகளின் சூட்டையும் ஒப்பிட்டேன், வேறுபாடில்லை. டோவைச் சரிசெய்யும் வேலை பாக்கி. அதை நாளைக்கே முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் இந்த நல்ல டயர்களும் ரம்பமாகிவிடும்.