கிளாரினெட்டுக்கு ஒரு சுரம் கூட்டி

கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் 22 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அத்தனை ஆண்டுகளில் ஒரு நாள்கூட மைக்கின் முன்னால் பாடியதில்லை, எந்த வாத்தியத்தையும் வாசித்ததில்லை. இசையமைப்பாளர் எழுதிக் கொடுக்கும் ஸ்கோரைப் பார்த்து, ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் அவரவர் பங்கைத் தனித்தாளில் பிரித்தெழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. எங்களைக் காப்பியிஸ்ட் என்பார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை சினிமாவில் என்ன செய்கிறார் என்று கேட்டபோது, இதை விளக்கிச் சொல்வதற்குள் என் சித்தப்பாவுக்கு வியர்த்துவிட்டது. அவர் செல்லோ வாசிப்பவர். பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கொயரில் பாடிப் பாடி எனக்கு ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோடுகளில் சுரங்களைக் குறிக்கும் மேற்கத்திய முறை, படிக்கவும் எழுதவும் வந்திருந்ததால், 1979இல் என்னைச் சென்னைக்கு அழைத்து வந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவரே.

வேலை என்னவோ பார்க்க எளிதுதான். ஸ்கோரில் புல்லாங்குழல் முதல் டபுள் பேஸ் வரை எல்லா வாத்தியங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி எழுதப்பட்டிருக்கும். வாசிப்பவருக்கோ தன் வரி மட்டும் போதும். ஒரு பாட்டுக்குப் 12 வயலின் என்றால், ஒரு ஸ்டாண்டுக்கு இருவர் வீதம் முதல் வயலினுக்கு மூன்று தாள், இரண்டாம் வயலினுக்கு மூன்று தாள் எழுத வேண்டும். வயோலா, செல்லோ, பேஸ், குழல், கிளாரினெட் எல்லாம் தனி. ஜெராக்ஸ் கடைகள் தெருவுக்குத் தெரு வரும்வரை இவை அனைத்தும் கையால் எழுதியவைதான். வயோலாவுக்கு ஆல்டோ கிளெஃப் என்ற தனிக் குறி. டபுள் பேஸுக்கு ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே. பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழுச் சுரம் கூட்டி எழுத வேண்டும், ஏனென்றால் அந்த வாத்தியம் எழுதியதைவிட ஒரு சுரம் தாழ்ந்தே ஒலிக்கும். இவையெல்லாம் விதிகள், ஆறு மாதத்தில் படிந்துவிடும். கைவருவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆவது தாள் திருப்புமிடம்தான். வில்லைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு மூன்றாவது கை கிடையாது என்பதால், பக்கத்தின் கடைசிப் பாரில், அதாவது கடைசித் தாளக் கட்டத்தில், வாத்தியத்துக்கு ஓய்வு வருமாறு, முன்கூட்டியே கணக்குப் போட்டு, வரிகளை நெருக்கியோ அகற்றியோ எழுத வேண்டும். நல்ல காப்பியிஸ்ட் எழுதிய தாளில் திருப்பும் சத்தம் மைக்கில் விழாது. விழுந்தால் டேக் போயிற்று.

இளையராஜாவிடம் நான் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. அவருக்கென்று தேர்ந்த ஒரு குழு இருந்தது. நான் எழுதியது மற்றவர்களுக்கு. ஆனாலும் என் பிழைப்பு அவரால் வந்தது என்றுதான் இன்றும் சொல்வேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

அவருக்கு முந்திய தலைமுறையில் இசையமைப்பாளரின் இடம் ஆர்மோனியத்தின் முன்னால் இருந்தது. எம்.எஸ்.விஸ்வநாதன் பாடிக்கொண்டே மெட்டுப் போடுவார்; எதிரில் கவிஞர் இருப்பார்; மெட்டும் சொல்லும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வளரும். அந்த மெட்டை வாத்தியங்களுக்குப் பகிர்ந்து தாளில் எழுதுவதற்கு ஜோசப் கிருஷ்ணாவைப் போன்ற உதவியாளர்கள் இருந்தார்கள். மேற்கத்திய இசை அறிந்த இந்த உதவியாளர்களின் பெயர் படத்தின் தலைப்பில் சிறிதாக வரும், சில வேளை வராமலும் போகும். மலையாளப் படங்களில் பலருக்கு வாத்திய அமைப்புச் செய்துகொடுத்த ஆர்.கே.சேகரும் இந்த வேலைக்காரர்தான். அவருடைய மகன் பிற்பாடு உலகறிந்தவரானார். மெட்டு ஒருவருடையது, அதன் உடை இன்னொருவருடையது என்ற அந்த ஏற்பாட்டைக் குறைவாகச் சொல்வதற்கில்லை. அதில்தான் நாம் இன்றும் முணுமுணுக்கும் பாடல்களில் பாதி பிறந்தது.

இளையராஜா அந்த உதவியாளர் நாற்காலியிலிருந்து வந்தவர் என்பதை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தது, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தது, 1968இல் சகோதரர்களோடு சென்னைக்கு வந்தது எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லுவார்கள். கிராமத்து மண்வாசனை என்ற சொல்லும் தவறாமல் வரும். என் கணக்கில் அதற்குப் பிறகு வந்த ஏழெட்டு ஆண்டுகளே முக்கியமானவை. தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேற்கத்திய இசை இலக்கணமும் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். சலில் சௌதுரி உட்படப் பலருடைய பதிவுகளில் கிதார் வாசித்தார். கன்னடத் திரையுலகில் முன்னணியில் இருந்த ஜி.கே.வெங்கடேஷின் உதவியாளராக இருந்து, அவர் சொல்லும் மெட்டுக்கு வாத்தியப் பகுதிகளை எழுதினார். பிறர் மெட்டுக்கு உடை தைத்துத் தைத்து விரல் பழகிய ஒருவர், 1976இல் பஞ்சு அருணாசலம் ‘அன்னக்கிளி’ வாய்ப்பைக் கொடுத்தபோது, மெட்டையும் உடையையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வந்தார். நடுவில் ஆள் தேவைப்படவில்லை. அந்த நாளோடு உதவியாளர் என்ற வேலை தேயத் தொடங்கிற்று. காப்பியிஸ்டின் வேலை பெருகிற்று.

ஒருவர் அப்படி எழுதி, அதற்குப் பலன் கிடைத்ததும், தயாரிப்பாளர்கள் மற்ற இசையமைப்பாளர்களிடமும் அந்தச் செறிவை எதிர்பார்த்தார்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இடையிசை, முன்பு பாடகர் மூச்சு வாங்கும் இடமாக இருந்தது போய், தனக்கென்று ஒரு கதை வைத்திருக்கும் பகுதியாயிற்று. வயலின்கள் ஒன்று சொல்ல, செல்லோ எதிர்த்து வேறொன்று சொல்ல, பேஸ் கிதார் தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொண்டிருக்கும். இதைக் காதால் கேட்டு வாங்கி வாசிக்க முடியாது, தாளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். கர்நாடக முறையில் தேர்ந்த மூத்த வயலின்காரர் ஒருவர், அதுவரை நோட்டுப் புத்தகத்தில் ஸரிகம எழுதிவைத்து வாசித்துவந்தவர், ஐம்பதை நெருங்கிய வயதில் என்னிடம் வந்து ஐந்து கோடுகளைக் கற்றுக்கொண்டார். மதிய இடைவேளையில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, “இது காந்தாரமா தம்பி, இல்லே மத்தியமமா?” என்று கேட்பார். அவர் வில்லின் ஒரு இழுப்புக்கு நான் ஈடில்லை. அவருக்கு நான் பாடம் சொன்னதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1983 என்று நினைவு. இசையமைப்பாளர் யார், கூடம் எது என்பது இங்கே வேண்டாம். இடையிசையில் குழலும் கிளாரினெட்டும் ஒரே வரியை ஒன்றாக வாசிக்க வேண்டும். முதல் நாள் இரவு பத்து மணிக்குமேல் ஸ்கோர் கைக்கு வந்தது, விடியும்வரை எழுதினேன். குழலின் தாளை எழுதிவிட்டு, அதே வரிதானே என்று கிளாரினெட்டுக்கும் அப்படியே எழுதிவிட்டேன். ஒரு சுரம் கூட்டவில்லை. காலையில் ஒத்திகை தொடங்கி அந்த இடம் வந்ததும், இரண்டு வாத்தியமும் ஒரு சுர இடைவெளியில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போனது எனக்குப் பல்லைக் கூசவைத்தது. நாற்பது பேர் வாத்தியத்தை இறக்கினார்கள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து, “கிளாரினெட் மட்டும் ஒருதரம் கேட்கட்டும்” என்று குரல் வந்தது. சுவரோரமாக நின்றிருந்த எனக்கு உள்ளங்கை ஈரமாயிற்று.

கிளாரினெட் வாசித்த அண்ணன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “ரீட் காய்ஞ்சுபோச்சு சார், ஒரு நிமிஷம்” என்றார். ஊதுமுனையில் இருக்கும் நாணல் சீவலான அந்த ரீடைக் கழற்றி வாயில் வைத்து ஈரப்படுத்தி, மறுபடி பூட்டி, எஃப் மேஜரில் இருந்த அந்த வரியை ஜி மேஜராக மனத்திலேயே மாற்றி, தப்பில்லாமல் தனியாக வாசித்துக் காட்டினார். அடுத்த டேக்கிலும் அப்படியே. பாட்டு ஓகே ஆயிற்று. வெளியே டீக்கடையில் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: “அடுத்த தடவை கூட்டி எழுதுப்பா. எனக்குக் கண்ணு தெரியுற வரைக்கும் சமாளிப்பேன்.” அந்தப் பாட்டு இப்போதும் சில சமயம் பண்பலையில் வருகிறது. அந்த இடையிசை முடியும்வரை நான் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன்.

எங்கள் வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை முடிந்த அன்றே கவரில் பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை தானாக வந்ததன்று. திரையிசைக் கலைஞர்களுக்கென்று சங்கம் கட்டி வளர்த்த எம்.பி.சீனிவாசனும் ஓர் இசையமைப்பாளர்தான். தமிழில் அவர் போட்ட பாடல்கள் குறைவு; 1988இல் மறைந்தபோது இளைய தலைமுறைக்கு அவர் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. கடைசி வரிசை வயலின்காரருக்குத் தெரியும்.

பாட்டுப் பதிவைவிட, படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் ரீ-ரெக்கார்டிங்தான் எங்களைப் பிழிந்தெடுக்கும். 35 எம்.எம். படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடி கொண்ட ஒரு ரீல் ஏறக்குறைய 11 நிமிடம். ரீலைத் திரையில் ஓட்டுவார்கள், இசையமைப்பாளர் கையில் ஸ்டாப்வாட்சோடு குறித்துக்கொள்வார். கதவு திறக்கும் இடம் 34ஆவது வினாடி என்றால், நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் நான்கு தட்டு கொண்ட ஒரு பார் இரண்டு வினாடி. ஆகவே 17 பார் முடிந்து பதினெட்டாவதன் முதல் தட்டில் கதவு திறக்க வேண்டும். நான் வேலை செய்த இடங்களில் பலர் இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுவைத்துக்கொள்வார்கள், சிலர் கீபோர்டில் தடவிப் பார்த்து எழுதுவார்கள். இளையராஜா ரீலைப் பார்த்த கையோடு, எந்த வாத்தியத்தையும் தொடாமல், மேசையில் அமர்ந்து நேராக எழுதிவிடுவார் என்பது அன்றைக்குக் கோடம்பாக்கம் முழுவதும் பேச்சு. அவரும் அவரோடு வாசித்தவர்களும் பின்னாளில் பலமுறை சொன்னதும் அதுவே. அதைக் கேட்டு மற்றவர்கள் வியந்தார்கள். எனக்கோ அங்கே காப்பி எடுப்பவரின் நிலைமைதான் கண்முன் வந்தது. ஸ்கோரின் மை காய்வதற்குள் அவரவர் தாள் ஸ்டாண்டில் இருந்தாக வேண்டும், உள்ளே வாத்தியக்காரர்கள் சுதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் அவர் ஆண்டொன்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார். அத்தனையும் மாணிக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவசரத்தின் தடம் தெரியும் பாடல்களும் அவற்றில் உண்டு. ஒரு மெட்டின் சாயல் இன்னொன்றில் விழுந்ததும் உண்டு. ஆனால் மெட்டு சாதாரணமாக இருக்கும் பாட்டிலும் பேஸ் வரியும் வயோலா வரியும் சோம்பலாக இருந்ததில்லை. வயோலாக்காரர்கள்தான் இதற்குச் சாட்சி. மற்ற பதிவுகளில் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். அவருடைய பதிவுக்குப் போய்விட்டு வந்த நண்பர் ஒருவர், “இன்னிக்கு எனக்கும் வேலை இருந்துச்சு” என்று சொன்ன மகிழ்ச்சியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வேகத்துக்கு நடுவே, 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கையாக ஒரு தனி இசைத்தொகுப்பையும் அவர் வெளியிட்டார்.

அதே 1986இல் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ படங்களில் கணினி வழியாக இசை சேர்த்ததும் அவர்தான். நாங்கள் அதை ஒரு வேடிக்கையாகவே பார்த்தோம். 1992இல் ‘ரோஜா’ வந்தது. நாற்பது பேரை ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஒரே மூச்சில் பதிவது மாறி, ஒவ்வொருவராக வந்து தன் பங்கை வாசித்துவிட்டுப் போகும் முறை பரவிற்று. வயலின் கூட்டத்தின் வேலையை கீபோர்டின் ஒரு பொத்தான் செய்யத் தொடங்கிற்று. தாளே இல்லாத பதிவுகள் பெருகின. எனக்கு ரஹ்மான்மீது வருத்தமில்லை, அவருடைய பாடல்களை விரும்பிக் கேட்பவன் நான். மாதத்தில் இருபது நாள் என்பது பத்தாகி, நான்காகி, 2001இல் கடைசித் தாளை எழுதினேன். பிறகு ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு கீபோர்டு சொல்லிக்கொடுத்தேன். வேடிக்கைதான்.

இளையராஜாவின் பிற்காலத்துத் தேசிய விருதுகளில் இரண்டு, 2009ஆம் ஆண்டின் ‘பழசிராஜா’வுக்கும் 2015ஆம் ஆண்டின் ‘தாரை தப்பட்டை’க்கும், பின்னணி இசைக்காகவே கிடைத்தன என்பதில் எனக்குத் தனிப்பட்ட திருப்தி உண்டு. படம் பார்ப்பவர் தனியாகக் கவனிக்காத அந்த இசைக்காகத்தானே நாங்கள் இரவெல்லாம் எழுதினோம்.

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது. மறுநாள் பேரன் தன் கைப்பேசியில் அதன் சிறு துண்டொன்றைப் போட்டுக் காட்டி, “தாத்தா, ராஜா சாரைப் பார்த்தீங்களா?” என்றான். நான் முன்வரிசை வயலின்காரர்களின் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கம் இருந்தவர் வாசித்துக்கொண்டிருக்க, உள்பக்கம் இருந்தவர் வில்லை மடியில் சாய்த்துவிட்டுத் தாளைத் திருப்பினார். மறுபடியும் அந்த இடத்தைப் போடச் சொன்னேன்.